மல்லிகைத் தோட்டத்து மண்ணில் உள்ள பூஞ்சைகளை இனம் காண

செடியின் வேர்ப்பக்கம் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு 5 முதல் 15 செ.மீ. ஆழத்தில் மண் எடுங்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசலானால் கட்டியை உடைத்து 2 மி.மீ. சல்லடையில் சலிக்க வேண்டும். 10 கிராம் மண்ணை 90 மி.லி. கிருமி நீக்கிய நீரில் கலக்கி, பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போங்கள். ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று என்ற இரு நிலைகளிலும் 0.1 மி.லி. எடுத்து ரோஸ் பெங்கால் சாயம் சேர்த்த அகாரில் (பூஞ்சை வளர்க்கும் கூழ் ஊடகம்) பரப்பினால் போதும். பாக்டீரியாவை அடக்க லிட்டருக்கு 100 மி.கி. குளோராம்பெனிகால், அது ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) சூட்டைத் தாங்கும். ஸ்ட்ரெப்டோமைசின் தாங்காது, அகார் 45 டிகிரிக்கு ஆறியபின் சேருங்கள். தட்டுகளை வெளிச்சத்தில் வைத்தால் ரோஸ் பெங்காலே பூஞ்சைக்கு நஞ்சாகிவிடும்.

தனித்தனியாகப் பிரித்தவற்றை உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரின் நடுவில் 5 மி.மீ. வட்டாக வைத்து, 28 டிகிரி இன்குபேட்டரில் வளர்த்து, தினமும் ஒரே நேரத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் காலனியின் (படர்ந்த பூஞ்சைத் திட்டின்) விட்டம் அளந்து சராசரி எடுங்கள். சித்திரை மாதத்து மதுரையில் ஆய்வக மேசைமேல் வளர்த்த அளவை யாரும் நம்ப வேண்டாம். டிரைகோடெர்மா மூன்று நாளில் தட்டை மூடிவிடும், முதல் இரண்டு நாள் அளவுதான் அதற்குப் பயன்படும். 37, 45 டிகிரியிலும் ஒரு தொகுதி வையுங்கள்: 45-லும் நன்றாக வளரும் சாம்பல்பச்சை ஆஸ்பெர்ஜில்லஸ், ஃபியூமிகேட்டஸாக இருக்கலாம். நுரையீரலைத் தாக்கக்கூடியது, தட்டைத் திறந்து முகராதீர்கள்.

பெயர் வைப்பது நுண்ணோக்கியில்தான். பாக்டீரியாவைப் போல ரசாயனச் சோதனை மட்டும் வைத்துப் பூஞ்சைக்குப் பெயர் சொல்ல முடியாது. இனம் உறுதியாக டி.என்.ஏ. வரிசையும் வேண்டும். செல்லோடேப்பால் ஒற்றி, லாக்டோபீனால் காட்டன் புளூ சாயத்தில் பாருங்கள். உருண்டைத் தலை ஆஸ்பெர்ஜில்லஸ், விளக்குமாறு போலக் கிளைத்தது பெனிசிலியம், குறுக்குச் சுவருள்ள வளைந்த வித்து ஃபியூசேரியம்.

சோதனைகள் காட்டுவது குணத்தை. செல்லுலோஸைச் சிதைக்கும் செல்லுலேஸ் நொதிக்கு 1 சதவீத சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) அகார்: 0.1 சதவீத காங்கோ சிவப்பை 15 நிமிடம் ஊற்றி, 1 மோலார் உப்புக் கரைசலால் கழுவினால் வெளிறிய வளையம் தெரியும். இழை மறைத்தால் சுரண்டிவிட்டுப் பாருங்கள். ஸ்டார்ச்சைச் சிதைக்கிறதா என்று பார்க்க, ஸ்டார்ச் அகாரில் அயோடின் ஊற்றியதும் நீலமாகாத வளையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், நீலம் நேரம் போகப் போக மங்கும். எல்லாவற்றுக்கும் பூஞ்சை வைக்காத தட்டு ஒன்று ஒப்பீட்டுக்கு.

பாஸ்பேட் கரைக்கும் திறனுக்கு, லிட்டருக்கு 5 கிராம் டிரைகால்சியம் பாஸ்பேட் சேர்த்த பிகோவ்ஸ்கயா அகார். வளையத்தையும் சேர்த்த விட்டத்தைக் காலனி விட்டத்தால் வகுப்பதே குறியீடு. வேகமாகப் படரும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் வளையத்தை மூடிவிடுவதால் தட்டைக் கவிழ்த்து அடியிலிருந்து அளக்க வேண்டும். வளையம் வராவிட்டாலும் தள்ளிவிடாதீர்கள். திரவ ஊடகத்தில் பி.ஹெச். இறங்குகிறதா, கரைந்த பாஸ்பரஸ் கூடுகிறதா என்று பாருங்கள். சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் அமிலம் சீக்கிரம் சமனாகிவிடும் என்பதால், தட்டில் பெரிய வளையம் காட்டியது வயலிலும் கரைக்கும் என்று எழுதும் முன் அதே மண்ணில் தொட்டிச் சோதனை செய்யுங்கள்.