தாத்தா விட்டுட்டுப் போன அம்பாசிடரை வீட்டு வண்டியா ஓட்டணும்னா

ஷெட்ல தார்ப்பாய்க்கு அடியில வருஷக்கணக்கா கிடந்த அம்பாசிடர் கைக்கு வந்ததும் எல்லாரும் ஓடிப்போய் புது பேட்டரி வாங்கி மாட்டி சாவியைத் திருகிப் பாப்பாங்க, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. பிஸ்டன் ரிங் துருப்பிடிச்சு சிலிண்டரோட ஒட்டிக்கிட்டிருந்தா ஒரே சுத்துல ரிங் உடைஞ்சு வேலை இஞ்சினை இறக்குற அளவுக்குப் போயிடும். ரொம்பப் பழைய மாடலா இருந்தா பாசிட்டிவ் எர்த்தாவும் இருக்கலாம், அதாவது பேட்டரியோட பிளஸ் முனை பாடியோட சேர்ந்திருக்கும், பிளஸ் மைனஸை மாத்தி மாட்டினா வயரிங் புகைஞ்சிடும்.

வண்டியைத் தொடுறதுக்கு முன்னாடி பேப்பரைப் பாருங்க. ஆர்சி தாத்தா பேர்லயேதான் இருக்கும். வாரிசு பேருக்கு மாத்த ஃபார்ம் 31, கூட இறப்புச் சான்றிதழ், தாசில்தார் ஆபீஸ்ல வாங்கின வாரிசு சான்றிதழ், மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுக்குற லெட்டர். சித்தப்பா, அத்தை எல்லாரும் சுமுகமா இருக்கும்போதே கையெழுத்து வாங்கிடுங்க, வண்டி பளபளன்னு ஆனப்புறம் போய்க் கேட்டா பேச்சே வேற மாதிரி இருக்கும். சட்டப்படி இறந்த 30 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும், 3 மாசத்துக்குள்ள பேர் மாத்தணும், தாண்டிட்டா அபராதம் கட்டி பண்ணிக்கலாம். டிஎம்எக்ஸ் மாதிரி மூணெழுத்து நம்பர் வண்டின்னா விவரம் கம்ப்யூட்டர்லயே ஏறியிருக்காது, பழைய ஆர்சி புக்கைக் காட்டி பேக்லாக் என்ட்ரி, அதாவது அந்தப் பழைய விவரத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லணும். 15 வருஷம் தாண்டின வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருதடவை பதிவைப் புதுப்பிக்கணும், அதுக்கு வண்டி ஓடி ஆர்டிஓ ஆபீஸ் வரைக்கும் வந்தாகணும்.

50 வருஷம் தாண்டிடுச்சா, விண்டேஜ்னு பதிஞ்சு ‘விஏ’ நம்பர் பிளேட் வாங்கிடலாமேன்னு யாராவது ஐடியா குடுப்பாங்க. வாங்கினா கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இதுக்குத்தான் ரோட்ல எடுக்கலாம். புள்ளைங்களை ஸ்கூல்ல விட, கோயிலுக்குப் போக ஆகாது. வீட்டு வண்டி வேணும்னா சாதாரண பதிவுலயே வச்சுக்கோங்க.

இப்போ வேலைக்கு வருவோம். வண்டி ஓடுறதை விட நிக்கிறதுதான் முக்கியம்னு நான் சொல்வேன், அதனால காசை முதல்ல பிரேக்ல போடுங்க. பழைய அம்பாசிடர்ல நாலு வீலும் டிரம் பிரேக், நாலுக்கும் சேத்து ஒரே ஆயில் சர்க்யூட், எங்கயாவது ஒரு ஹோஸ் வெடிச்சா பெடல் நேரா தரைக்குப் போயிடும், மிச்ச மூணு வீலும் பிடிக்காது. பிரேக் ஆயில் தண்ணியை இழுக்கும், வருஷக்கணக்கா நின்ன வண்டில அதுவே உள்ளருந்து துருப்பிடிக்க வச்சிருக்கும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், ஸ்டீல் லைன் எல்லாத்தையும் மொத்தமா மாத்துங்க, உள்ள இருக்கிற ரப்பரை மட்டும் மாத்துற ‘கிட்’ போட்டா போதும் சார்னு மெக்கானிக் சொன்னாலும் கேக்காதீங்க. டயர் பட்டன் எவ்வளவு இருந்தாலும் சைடுல இருக்கிற நாலு நம்பரைப் பாருங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். மூணே நம்பர் இருந்துச்சுன்னா அது 2000க்கு முன்னாடி செஞ்ச டயர், அப்படியே காயலான் கடைக்குத்தான்.

இஞ்சினுக்கு, நாலு பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டைலயும் கொஞ்சம் ஆயில் விட்டு ரெண்டு மூணு நாள் ஊற விடுங்க, அப்புறம் நியூட்ரல்ல வச்சு ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு கையால மெதுவா சுத்திப் பாருங்க. லேசா சுத்துச்சுன்னா பாதி கவலை போச்சு. டேங்க்ல இருக்கிற பழைய பெட்ரோலை முழுசா வடிச்சு டேங்கை இறக்கிக் கழுவணும், இல்லன்னா துரு அத்தனையும் கார்புரேட்டருக்குள்ள வந்து உக்காந்துக்கும். இன்னொண்ணு, இப்போ பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் கால ரப்பர் டியூபும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் இதுக்குத் தாங்காது, எத்தனால் தாங்குற ஹோஸா கேட்டு வாங்கிப் போடுங்க. சூடான இஞ்சின் மேல பெட்ரோல் சொட்டுற விஷயம், இதுல கஞ்சத்தனம் வேண்டாம். ரேடியேட்டரையும் இப்பவே கழட்டி சுத்தம் பண்ணிடுங்க, மே மாச டிராஃபிக்ல நிக்கும்போது அதோட அருமை தெரியும்.

வயரிங்ல மொத்தமே ரெண்டு ஃபியூஸ்தான் இருக்கும். ஹார்னஸை, அதாவது மொத்த வயர் கட்டையும் புதுசா போடும்போதே ஹெட்லைட்டுக்கு ரிலே வச்சு ஒவ்வொரு லைனுக்கும் தனி ஃபியூஸ் பாக்ஸ் போட்டுடுங்க, பேட்டரியை சார்ஜ் பண்ண டைனமோ இருக்கிற வண்டின்னா ஆல்டர்னேட்டருக்கு மாறுங்க. ஒரிஜினல் போச்சேன்னு சில பெரியவங்க மூஞ்சைச் சுளிப்பாங்க, ராத்திரி ஹைவேல குடும்பத்தோட போறது நீங்கதானே.

சீட் பெல்ட்டும் அப்படித்தான். பழைய வண்டில இருக்கவே இருக்காது. வெறும் தகட்டுல போல்ட் போட்டா இழுக்குற வேகத்துல பிச்சுக்கிட்டு வந்துடும், அடியில கனமான பிளேட் வச்சு போல்ட் பண்ணணும், நல்ல டிங்கர்கிட்ட குடுங்க. முன்னாடி பெஞ்ச் சீட் அகலமா இருக்கேன்னு குழந்தையை நடுவுல உக்கார வைக்கிற பழைய வழக்கத்தை விட்டுடுங்க.

பார்ட்ஸுக்குப் பயப்படாதீங்க, 2014 வரைக்கும் தயாரான வண்டி இது, சென்னைன்னா ஜிபி ரோடு, பழசு வேணும்னா புதுப்பேட்டை. போகும்போது கழட்டின பார்ட்டையும் கையோட கொண்டு போங்க, மாடலுக்கு மாடல் மாறும், வாயால சொன்னா வேற எதையாவது தலைல கட்டிடுவாங்க.

பெயின்ட் கடைசிலதான். அடியில கதவுக்குக் கீழ இருக்கிற ரன்னிங் போர்டு பக்கமும் டிக்கி தரையும் ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாத்து, உள்ள போற இடமெல்லாம் வெட்டி புதுத் தகடு வச்சு வெல்டு பண்ணச் சொல்லுங்க, பட்டி போட்டு மூடினா அடுத்த மழைக்கே வெளிய வந்துடும். பாலீஷ், குரோம் வேலை எல்லாம் ஒரு ஆறு மாசம் வண்டி நல்லா ஓடினப்புறம் யோசிச்சுக்கலாம், அதுவரைக்கும் வாரம் ஒருதடவையாவது சூடேறுற அளவுக்கு எடுத்து ஓட்டுங்க.