மைக்ரோஸ்ட்ரிப் கப்ளர்ல டைரக்டிவிட்டியை ஏத்தினது எப்படின்னா

2.4 கிகாஹெர்ட்ஸ்ல எஃப்ஆர்4ங்கிற சாதாரண சர்க்யூட் போர்டுல 20 டிபி கப்ளர் ஒண்ணு போட்டேன், அதாவது பக்கத்து பக்கத்துல ஓடுற ரெண்டு காப்பர் லைன், ஒண்ணுல போற பவர்ல நூத்துல ஒரு பங்கை இன்னொண்ணு சாம்பிள் எடுக்கும். கப்ளிங் கரெக்டா வந்துச்சு ஆனா ஐசொலேஷன் (சிக்னல் வரவே கூடாத போர்ட்ல அது எவ்ளோ குறையுதுங்கிறது) வெறும் 28 டிபிதான், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டைரக்டிவிட்டி, அதாவது போற சிக்னலையும் திரும்பி வர்ற சிக்னலையும் பிரிச்சுக் காட்டுற திறன், அது 8 டிபி, இதை வச்சு ரிஃப்ளெக்டட் பவர் அளந்தா அந்த ரீடிங்கை நம்பவே முடியாது.

மைக்ரோஸ்ட்ரிப்போட (போர்டு மேல காப்பர் லைன், அடியில கிரவுண்ட்) குணமே இதுதான். ரெண்டு லைன்லயும் சிக்னல் எதிரெதிரா இருக்கிற ஆட் மோட்ல ஃபீல்டு நிறைய காத்துல போகுது, அதனால அது ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கிற ஈவன் மோடைவிட வேகமா ஓடுது, ரெண்டும் ஒண்ணா வந்து சேராததால ஐசொலேட்டட் போர்ட்ல கேன்சல் ஆக வேண்டியது ஆகாம மிச்சம் நிக்குது. இடைவெளியை மாத்தினா கப்ளிங்தான் மாறும், இந்த வேக வித்தியாசம் போகாது.

ஆட் மோடை மட்டும் மெதுவாக்கணும், அதுக்கு ரெண்டு லைனுக்கும் நடுவுல ரெண்டு முனையிலயும் குட்டி கெப்பாசிட்டன்ஸ் வேணும். கணக்கு போட்டா 0.1 பிகோஃபாரட்கூட வரல, சிப் கெப்பாசிட்டரோட டாலரன்ஸே கிட்டத்தட்ட அவ்ளோ இருக்கும், அதனால லேஅவுட்லயே காப்பர் விரல் மாதிரி நீட்டிவிட்டு, கொஞ்சம் நீளமாவே எட்ச் பண்ணி, விஎன்ஏவைப் (சிக்னல் எவ்ளோ போகுது, எவ்ளோ திரும்புதுன்னு அளக்குற கருவி) பாத்துக்கிட்டே பிளேடால துளித்துளியா சீவினேன். ஐசொலேஷன் டிப் அப்படியே நகர்ந்து 2.4க்கு வந்து நின்னப்போ அவ்ளோ சந்தோஷம்! டைரக்டிவிட்டி 20 டிபிக்கு மேல.

ஐசொலேட்டட் போர்ட்ல போடுற 50 ஓம் லோடையும் கவனிங்க, அதோட ரிட்டர்ன் லாஸ் (அதுல பட்டுத் திரும்புற சிக்னல் எவ்ளோ குறையுதுங்கிறது) 20 டிபின்னா டைரக்டிவிட்டியும் அங்கயே முட்டிக்கும்.