கம்யூனிட்டி காலேஜுக்குப் போகும் ஹோம்ஸ்கூல் பிள்ளைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் பிறந்தாலே, கலிஃபோர்னியாவில் ஹோம்ஸ்கூல் செய்யும், அதாவது பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பள்ளிப் பாடம் நடத்தும், தமிழ்க் குடும்பங்களிடமிருந்து எனக்கு அழைப்பு வரத் தொடங்கிவிடும். பிள்ளைக்குப் பதினைந்து வயது, கணக்கில் புலி, உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் ஒரு பாடம் எடுத்தால் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்தே கிரெடிட் கிடைக்குமாமே என்பார்கள். கிடைக்கும், நல்ல வழிதான். ஆனால் முன்பு வந்தவர்கள் செய்த அதே தவறுகளைப் புதியவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு ஆறவில்லை. படிவத்தைத் தாமதமாகக் கொடுப்பது, அக்டோபர் 1 முதல் 15க்குள் தாக்கல் செய்ய வேண்டிய தனியார் பள்ளி அஃபிடவிட்டை (வீட்டையே தனியார் பள்ளியாக அறிவிக்கும் பத்திரத்தை) மறப்பது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நான் விட்டுவிடுகிறேன்.

வகுப்பை அப்படியே கைவிடுவது

இன்றும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். தெரிந்த பெண் ஒருத்தி ஆன்லைனில் சைக்காலஜி எடுத்தாள். அக்டோபரில் தாத்தாவின் சதாபிஷேகத்துக்காகக் குடும்பமே மதுரைக்குப் போனது. க்விஸ் தவறியது, கட்டுரை நின்றது, அப்புறம் அவள் வகுப்புப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. வராத பிள்ளையின் பெயரைக் காலேஜே எடுத்துவிடும் என்று அம்மா நினைத்தார். டிசம்பரில் ஃபெயில் என்று எஃப் வந்தது.

பேராசிரியர் பெயரை எடுக்கலாம். எடுப்பார் என்று நம்பி உட்காரக் கூடாது. செமஸ்டரின் முதல் சில வாரங்களுக்குள் டிராப் செய்தால் மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டில் சுவடே இருக்காது. அதன் பிறகு, செமஸ்டரில் ஏறக்குறைய முக்கால் பங்கு முடியும் வரை டிராப் செய்தால் டபிள்யூ, அதாவது வகுப்பிலிருந்து விலகியதற்கான குறி. அதையும் விட்டால், வாங்கிய மதிப்பெண் நிற்கும். அந்த அம்மாவுக்கு நவம்பர் வரை அவகாசம் இருந்தது. டபிள்யூ விழுந்தால் கறை என்று யாரோ பயமுறுத்தி வைத்திருந்தார்கள். தயவுசெய்து யாருக்கும் இப்படிச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு டபிள்யூவை விளக்க இரண்டு வரி போதும்.

எஃப் அப்படியல்ல. பள்ளி வயதில் எடுத்த பாடம் என்று சலுகை கிடையாது. யூசி, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். திரும்பப் படித்து ஏ வாங்கினால் காலேஜின் ஜிபிஏ கணக்கு சரியாகும், ஆனால் பழைய எழுத்து டிரான்ஸ்கிரிப்டில் இருக்கும். பிற்பாடு மருத்துவக் கல்லூரிக்கு ஏஎம்சிஏஎஸ் என்ற பொது விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பித்தால் இரண்டு மதிப்பெண்ணையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். நம் வீடுகளில் டாக்டர் கனவுக்குக் குறைவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வகுப்பில் பதிவு செய்த அன்றே இரண்டு டிராப் தேதிகளையும் காலண்டரில் எழுதிவிடுங்கள். குறுகிய கால வகுப்பென்றால் அவை சீக்கிரமே வந்துவிடும்.

பேராசிரியருக்குப் பெற்றோர் எழுதுவது

பிள்ளையே எழுதட்டும். காலேஜில் சேர்ந்துவிட்டால், எந்த வயதானாலும், மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் ஃபெர்பா சட்டப்படி பதிவுகள் மீதான உரிமை பிள்ளையுடையது.

11 யூனிட்டைத் தாண்டுவது

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கான கட்டணச் சலுகை பொதுவாக ஒரு செமஸ்டரில் அதுவரைதான்; யூனிட் என்பது பாடத்தின் கிரெடிட் அளவு. புத்தகச் செலவு தனி.

கிரெடிட் எங்கும் செல்லும் என்று நம்புவது

யூசி, கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) என்றால் பதிவு செய்வதற்கு முன்பே, எந்தப் பாடத்தின் கிரெடிட் அங்கே செல்லும் என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தில் பாருங்கள். தனியார் பல்கலைக்கழகங்களுக்கு ஆளுக்கொரு விதி. பள்ளிப் படிப்பை முடிக்கக் கணக்கில் காட்டிய பாடத்துக்குக் கிரெடிட் தராதவையும் உண்டு.

பள்ளி முடிந்ததாக அவசரப்பட்டு அறிவிப்பது

ஹோம்ஸ்கூலில் அந்தத் தேதி உங்கள் கையில்தான் இருக்கிறது. அறிவித்த பின் வரும் கோடையில் வகுப்பு எடுத்தால் பிரச்சினையில்லை. ஃபால் செமஸ்டரில் எடுத்தால், யூசி உங்கள் பிள்ளையை முதலாண்டு மாணவராக அல்ல, வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் டிரான்ஸ்ஃபர் மாணவராகவே பார்க்கும்.