இலவச சேவை போயாச்சு, கம்பெனி டாக்ஸ் ரிட்டர்னை இனி எப்படிப் போடுவது?

பிரிட்டனில் சின்ன லிமிடெட் கம்பெனி வைத்துக்கொண்டு, அக்கவுண்டன்ட் இல்லாமல் தாங்களே ரிட்டர்ன் போட்டவர்களுக்கு எச்எம்ஆர்சியும் (வரித்துறை) கம்பெனீஸ் ஹவுஸும் (கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகம்) சேர்ந்து நடத்திய இலவச ஆன்லைன் சேவைதான் கைகொடுத்தது. 2026 மார்ச் 31 அதற்குக் கடைசி நாள். அப்புறம் வெளி சாஃப்ட்வேர்தான்.

வாங்கும் முன்னால் பழைய ரிட்டர்ன்களைத் தேடி எடுங்கள். கணக்கறிக்கை கம்பெனீஸ் ஹவுஸ் பதிவேட்டில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் சிடி600 எனப்படும் கம்பெனி வரி ரிட்டர்ன் படிவமும் வரிக் கணக்கீடும் அங்கே இருக்காது. சேமித்து வைத்த பிடிஎஃப், பழைய மெயில், எங்கே இருந்தாலும் சரி. போன வருட எண்கள் இல்லாமல் புது சாஃப்ட்வேரில் ஒரு பக்கம்கூட நகராது.

அடுத்தது, எதை வாங்குவது. விஏடிக்கு (விற்பனை மீதான வரி) ஏற்கெனவே ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள், கணக்கெழுதும் சாஃப்ட்வேர்களில் சில சிடி600 அனுப்பாது. எச்எம்ஆர்சி தளத்தில் பட்டியல் இருக்கிறது, அதில் தேடுங்கள். விலையைப் பார்க்கும் முன் மூன்று கேள்வி: கணக்கறிக்கையையும் வரிக் கணக்கீட்டையும் ஐஎக்ஸ்பிஆர்எல் (கம்ப்யூட்டர் படிக்கும்படி எண்களுக்குக் குறியிட்ட) வடிவில் அதுவே தயாரிக்குமா? கம்பெனீஸ் ஹவுஸுக்கும் அனுப்புமா? சிடி600ஏ இருக்கிறதா? கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கம்பெனிப் பணத்தை டைரக்டர் கடனாக எடுத்து, வருட முடிவில் திருப்பாமல் இருந்தால் அந்தத் துணைப் பக்கம் வேண்டும். மலிவானதை வாங்கிப் பாதி வேலையில் 'இந்தப் பக்கம் இல்லை' என்று வந்தால் மறுபடி இன்னொன்றுக்குக் காசு.

புதுக் கம்பெனி என்றால் இன்னொரு சங்கடம். ஜூன் 12 அன்று பதிவான கம்பெனியின் முதல் கணக்கு அடுத்த வருடம் ஜூன் 30 வரை ஓடும். வரிக்கான காலம் 12 மாதத்தைத் தாண்டக்கூடாது. அதனால் கணக்கறிக்கை ஒன்று, சிடி600 இரண்டு: ஜூன் 11 வரை ஒன்று, மிச்சமுள்ள 19 நாளுக்கு ஒன்று. சாஃப்ட்வேர் இதைத் தானே பிரிக்குமா, இரண்டு ரிட்டர்னுக்கும் தனித்தனியாகக் காசு கேட்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எண்களைப் போடும்போது போன வருட பேலன்ஸ் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக ஒப்பிடுங்கள். முந்தைய நஷ்டம் இருந்தால் பெரும்பாலும் நீங்களே கையால் போட வேண்டியிருக்கும், மறந்தால் தேவையில்லாத வரி கட்டுவீர்கள்.

அனுப்ப கவர்ன்மென்ட் கேட்வே ஐடி (அரசு ஆன்லைன் சேவைக்கான லாகின்), கம்பெனியின் பத்து இலக்க வரி எண்ணான யூடிஆர், கம்பெனீஸ் ஹவுஸின் அங்கீகாரக் குறியீடு மூன்றும் வேண்டும். குறியீடு தொலைந்திருந்தால் பெரும்பாலும் கம்பெனியின் பதிவு முகவரிக்குத் தபாலில்தான் வரும், கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். வழக்கமாக கம்பெனீஸ் ஹவுஸுக்கு வருட முடிவிலிருந்து 9 மாதம், வரி கட்ட 9 மாதமும் ஒரு நாளும், ரிட்டர்னுக்கு 12 மாதம். முதல் வருடத்துக்கு மட்டும் தேதிகள் மாறும்.

எச்எம்ஆர்சி, கம்பெனீஸ் ஹவுஸ் இரண்டில் ஓர் இடத்தில் ஏற்றுக்கொண்டார்கள் என்றால் இன்னொரு இடத்திலும் ஏற்றுக்கொண்டதாக அர்த்தமில்லை. இரண்டு ரசீதும் வந்ததா பார்த்து, சந்தா முடிவதற்குள் எல்லாவற்றையும் உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கிவையுங்கள்.