விரலின் வேகத்தை ஸ்பிரிங்குக்குக் கொடுங்கள்: ஆண்ட்ராய்டில் துள்ளும் கார்டு

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பலசரக்குக் கடைக்குச் செயலி செய்கிறேன். ஓர்டர் விவரக் கார்டைக் கீழே இழுத்து விட்டால் அது துள்ளலோடு பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். மூன்று இரவு இதிலேயே போனது.

கார்டை லேஅவுட்டில் வைப்பது வரை தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் ஆண்ட்ராய்டுஎக்ஸின் டைனமிக்அனிமேஷன் லைப்ரரியை கிரேடிலில் (செயலியைக் கட்டும் கருவியின் கோப்பில்) சேருங்கள். இடத்தைத் தாண்டித் திரும்ப வைக்கும் ஓவர்ஷூட் இன்டர்போலேட்டர் போதாதா என்று கேட்பீர்கள். வேண்டாம். அதற்கு நேரம் முன்பே குறித்தாயிற்று. பாதி வழியில் விரல் மறுபடி பிடித்தால் திக்கும்.

அப்புறம் ட்ரான்ஸ்லேஷன்_ஒய்க்கு (கார்டு தன் இடத்திலிருந்து மேலே கீழே நகர்ந்த அளவு) ஸ்பிரிங்அனிமேஷன் ஒன்றே ஒன்று உருவாக்குங்கள், சேருமிடம் 0. தொடுகைக்கு ஒன்றாக உருவாக்கினால் இரண்டு ஸ்பிரிங் ஒரே கார்டைப் பிடித்து இழுக்கும். எதுவும் சொல்லாவிட்டால் டேம்பிங் ரேஷியோ (துள்ளலை அடக்கும் அளவு) 0.5, ஸ்டிஃப்னஸ் (ஸ்பிரிங்கின் விறைப்பு) 1500. காலி வீதியில் (Galle Road) ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி பெருவிரலால் இழுத்துப் பார்த்தேன், படபடவென்று இருந்தது. 0.75, 200 எனக்குப் பிடித்தது. எமுலேட்டரில் மவுஸால் இழுத்து எண்களை முடிவு செய்யாதீர்கள்.

விரல் பட்டதும் கேன்சல், நகர்ந்தால் கார்டையும் நகர்த்துங்கள், எடுத்ததும் ஸ்டார்ட்.

இங்கேதான் மாட்டினேன். வேகமாக இழுத்து விட்டாலும் மெதுவாக விட்டாலும் கார்டு ஒரே மாதிரித் திரும்பியது. விரலின் வேகத்தை அளக்கும் வெலாசிட்டிட்ராக்கர் தந்த வேகத்தை ஸ்பிரிங்கின் செட்ஸ்டார்ட்வெலாசிட்டிக்குக் கொடுத்துத்தான் இருந்தேன். லொகில் பார்த்தால் 2.4, 3.1 என்று வருகிறது! ட்ராக்கரின் கம்ப்யூட்கரண்ட்வெலாசிட்டிக்கு 1 கொடுத்திருந்தேன். அப்படிக் கொடுத்தால் கிடைப்பது மில்லிசெக்கனுக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு. ஸ்பிரிங்குக்கு வேண்டியது செக்கன் கணக்கு. 1000 என்று மாற்றியதும் 2400 வந்தது. விரலை எடுத்த பிறகும் கார்டு அதே வேகத்தில் இன்னும் கொஞ்சம் கீழே போய், தயங்கி, மேலே ஏறி, இடத்தை லேசாகத் தாண்டி அடங்கியது. அன்று வேறு வேலை பார்க்கவில்லை. இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

பிற்சேர்க்கை: கார்டு நடுங்குகிறது, வேகமும் தப்பாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். டச் லிசனரைக் கார்டிலேயே வைத்திருப்பீர்கள். கார்டு நகர நகர அதற்குள் அளக்கும் ஒய்யும் மாறிவிடும். அசையாத தாய் லேஅவுட்டுக்கு லிசனரை மாற்றுங்கள். நான் அங்கேதான் வைத்திருந்தேன். கார்டில்தான் இருக்க வேண்டுமென்றால் நகர்த்த ராஒய்யை (திரையை வைத்து அளக்கும் ஒய்) எடுங்கள். ட்ராக்கரிடம் கொடுக்குமுன் தொடுகை ஈவென்டை ஆஃப்செட்லொகேஷனால் ட்ரான்ஸ்லேஷன்_ஒய் அளவு தள்ளிவிடுங்கள்.