பாட்காஸ்ட் தொடங்கும் கடைக்காரரே, பட்டா யார் பேரில்?

போன மாதம் பவானியிலிருந்து ஜமக்காளம் விற்கும் தம்பி ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். வாங்க வந்தது இரண்டு லிட்டர் கடலை எண்ணெய். பாட்டில் நிரம்பும் நேரத்தில் போனை எடுத்து, "அக்கா, நாங்களும் பாட்காஸ்ட் ஆரம்பிச்சுட்டமுங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார். நான்கு எபிசோட். தறி, சாயம், அசல் ஜமக்காளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விஷயமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கேட்கக் கேட்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் விழுந்த குழிகளில் ஒன்றைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

ஈரோட்டில் மரச்செக்கு எண்ணெய்க் கடை நடத்துகிறேன். 2018இலிருந்து கடைக்காக முதலில் ஆடியோ, அப்புறம் வீடியோ என்று பேசிக்கொண்டிருக்கிறேன். நல்ல மைக் வாங்குங்கள், ஃபேனை நிறுத்துங்கள், வாரம் தவறாமல் போடுங்கள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். (மைக்கை விட அறை முக்கியம் என்பதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. துணி எதிரொலியைக் குடித்துவிடும். சுவர் உயரத்துக்கு ஜமக்காளம் அடுக்கிய அறை வைத்திருப்பவர், ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிறார்.)

பட்டா யார் பேரில்?

தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "ஃபீட் யார் மெயில்ல இருக்கு?" அவர் முழித்தார். "எல்லாம் ஸ்டுடியோக்காரர் பார்த்துக்கறாருங்க்கா."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அவர் மேல் இல்லை. இரண்டு வருடம் நானும் இதையேதான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நிலம் வாங்கினால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்போமா? பாட்காஸ்டுக்கும் பட்டா உண்டு. அதற்கு ஆர்.எஸ்.எஸ். ஃபீட் என்று பெயர். நாம் பேசிய ஒலிக்கோப்பு ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். கூடவே ஒரு பட்டியல்: நிகழ்ச்சியின் பெயர், ஒவ்வொரு எபிசோடின் தலைப்பு, தேதி, கோப்பு இருக்கும் முகவரி, உரிமையாளரின் மின்னஞ்சல். இந்தப் பட்டியல்தான் ஃபீட். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் மாதிரியான செயலிகள் அவ்வப்போது வந்து பட்டியலை எட்டிப் பார்க்கும், புதிதாக ஏதாவது இருந்தால் கேட்பவருக்குக் காட்டும். 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸில் பாட்காஸ்டைச் சேர்த்த நாளிலிருந்து அடிப்படை ஏற்பாடு இதுதான். ஆப்பிளில் நம் நிகழ்ச்சி இருக்கிறது என்கிறோமே, அங்கே இருப்பது விலாசம் மட்டும். சரக்கு வேறு கிடங்கில் இருக்கிறது. அந்தக் கிடங்கின் சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கோவையில் ஒரு ஸ்டுடியோ. மாதம் ஆறாயிரம் ரூபாய். போய்ப் பேசிவிட்டு வந்தால் போதும், வெட்டுவது, ஒட்டுவது, ஏற்றுவது எல்லாம் அவர்கள். ஹோஸ்டிங் கணக்கையும் அவர்கள் மெயிலிலேயே தொடங்கினார்கள். அது எனக்கு அப்போது பெரிய உபகாரமாகத் தெரிந்தது. இரண்டு வருடத்தில் 38 எபிசோட் ஆனது. கடைக்கு வருகிறவர்கள், "அந்தக் கருப்பட்டிக் கதை கேட்டமுங்க" என்று சொல்லிவிட்டு நல்லெண்ணெய் வாங்கிப் போனார்கள். அந்தத் தெம்பில் பாட்டில் லேபிளிலேயே க்யூ.ஆர். கோடு போட்டு பத்தாயிரம் அச்சடித்துவிட்டேன். ஸ்கேன் செய்தால் நேராக ஹோஸ்டிங் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போகும்.

2020இல் ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வருடம் யார்தான் மூடவில்லை. ஆனால் ஹோஸ்டிங் சந்தா முடியப் போகிறது, கணக்கை என் பெயருக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்டால், "பார்க்கிறோம் மேடம்." அடுத்த வாரமும் "பார்க்கிறோம் மேடம்." அதற்கடுத்த வாரம் போனை எடுக்கவே இல்லை. பாட்காஸ்ட் கேட்கும் இன்னொரு செயலியான ஸ்பாட்டிஃபையில் நிகழ்ச்சி நம்முடையது என்று நாமே உரிமை கோரலாம் என்று ஒருவர் சொன்னார். முயன்று பார்த்தேன். சரிபார்ப்பு எண்ணை அவர்கள் அனுப்புவது ஃபீடில் எழுதியிருக்கும் மின்னஞ்சலுக்கு. அதாவது போனை எடுக்காத அதே ஆளின் பெட்டிக்கு.

வீடு மாறினால் தபால் ஆபீசில் புது விலாசம் எழுதிக் கொடுப்போம் அல்லவா, அதே மாதிரி பழைய ஃபீடிலிருந்து புது ஃபீடுக்கு 301 என்று ஒரு திருப்பிவிடும் ஏற்பாடு உண்டு. அதைப் போட்டால், ஏற்கெனவே பின்தொடர்கிறவர்கள் தங்களுக்கே தெரியாமல் புது இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். குறைந்தது நான்கு வாரமாவது அதை வைத்திருக்கச் சொல்கிறது ஆப்பிள். போட வேண்டியவரோ பழைய கணக்கைக் கையில் வைத்திருப்பவர். அவர் போடவில்லை. சந்தா தீர்ந்தது, ஃபீட் செத்தது. என் கேட்பாளர்கள் அத்தனை பேரும் செத்த விலாசத்தின் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

கையில் மிஞ்சியது வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியிருந்த 11 எபிசோட். வெட்டாத மூலப் பதிவு ஒன்றுகூட என்னிடம் கிடையாது. போனவற்றில் ஒன்று, காங்கயம் பக்கம் மாட்டுச்செக்கு ஓட்டிய பெரியவர் பேசியது. எள் நன்றாக அரைபட்டு எண்ணெய் விடத் தொடங்கும்போது செக்கின் சத்தம் எப்படி மாறும் என்று வாயாலேயே செய்து காட்டியிருந்தார். மறுபடி போய்க் கேட்டேன். "அதான் ஒருக்கா சொல்லியாச்சே கண்ணு" என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

லேபிள் நாலாயிரம் பாக்கி. நானும் என் மாமியாரும் உட்கார்ந்து ஒவ்வொரு க்யூ.ஆர். கோடு மேலும் வெள்ளைக் காகிதம் ஒட்டினோம். விலையை மறைக்கிறோம் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஹோஸ்டிங் கணக்கைக் கடையின் மெயிலில் நீங்களே தொடங்குங்கள். சந்தா உங்கள் கார்டில் போகட்டும். வேலை செய்கிறவருக்கு உள்ளே வர அனுமதி கொடுத்தால் போதும். ஃபீடில் உங்கள் மெயில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு பதிவு முடிந்ததும் வெட்டாத கோப்பை ஹார்டு டிஸ்க்கில் வாங்கிக்கொண்டு அப்புறம் பணம் கொடுங்கள். யூடியூபில் வீடியோ போடுவதாக இருந்தால் அங்கே ஃபீட் தேவையில்லை, சேனல் எந்தக் கூகுள் கணக்கில் இருக்கிறது என்பதே பட்டா. பாஸ்வேர்டைத் தூக்கிக் கொடுக்காமல், யூடியூப் ஸ்டுடியோவின் அனுமதிப் பகுதியில் அவரை எடிட்டராகச் சேர்த்துவிடுங்கள்.

க்யூ.ஆர். கோடு போக வேண்டியது உங்கள் சொந்த டொமைனில், அதாவது உங்கள் பெயரில் வாங்கிய இணைய முகவரியில், இருக்கும் ஒரு பக்கத்துக்கு. அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். பெரிய நிறுவனம், எங்கே போய்விடப் போகிறது என்று எண்ண வேண்டாம். பாட்காஸ்ட் ஏற்றுவதற்கு ஆங்கர் என்று ஒரு செயலி இருந்தது. 2019இல் ஸ்பாட்டிஃபை அதை வாங்கியது, 2023இல் பெயரை மாற்றியது, 2024இல் இன்னொரு தடவை மாற்றியது. கூகுள் பாட்காஸ்ட்ஸை 2024இல் கூகுளே இழுத்து மூடியது. சொந்த ஃபீட் வைத்திருந்தவர்களுக்கு அது தெருவில் ஒரு கடை சாத்திய மாதிரி, அவ்வளவுதான். அந்தச் செயலியின் முகவரியை நோட்டீஸில் அச்சடித்தவர்களுக்கு? அவர்களும் வெள்ளைக் காகிதம் வாங்கியிருப்பார்கள்.

"இந்தக் கலரைப் பாருங்க"

வீடியோ எடுத்துவிட்டு அதிலிருந்து ஒலியை மட்டும் உருவி ஆடியோ பாட்காஸ்டாகப் போடுவது. ஒரே வேலையில் இரண்டு லாபம் என்று தோன்றும். நானும் கண்ணாடி டம்ளரில் எண்ணெயை ஊற்றிக்காட்டி, "பார்த்தீங்களா, இதுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்" என்று பேசியிருக்கிறேன். கேட்கிறவர் மொபெட்டில் போய்க்கொண்டிருக்கிறார். அவர் எதைப் பார்ப்பார்? தம்பியின் மூன்றாவது எபிசோடில் ஆறு நிமிடம் "இந்தக் கரை", "அந்தக் கரை" என்றே ஓடுகிறது.

காண்பிப்பதை வாயாலும் சொல்லிவிட்டால் தீர்ந்தது. "இது தேன் நிறத்தில் இருக்கிறது, இது கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி" என்று சொன்னால் வீடியோவும் கெடாது. இதற்கு நேர்மாறாக, ஆடியோ மேல் ஒரே ஒரு படத்தை ஒட்டி யூடியூபில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். என் கணக்கு இது: ஜவுளி, நகை, மரச்சாமான் என்று கண்ணால் வாங்கும் சரக்குக்கு வீடியோவில் தொடங்குங்கள். எண்ணெய், விதை, வரிக்கணக்கு என்று விளக்கி விற்க வேண்டியதற்கு ஆடியோவே போதும், செலவும் குறைவு.

எபிசோடுக்கு எபிசோடு சத்தம் ஏறி இறங்கினால் எடிட்டரிடம் மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ். என்று சொல்லுங்கள். ஆப்பிள் சொல்லும் சத்த அளவு அது. அவருக்குப் புரியும்.

சினிமாப் பாட்டு

வேண்டாம். ஏழு விநாடி வரை அனுமதி இல்லாமல் போடலாம் என்று சிலர் சொல்வார்கள், அப்படி எந்தச் சட்டத்திலும் இல்லை.

"எபிசோட் 7"

இப்படித் தலைப்பு வைத்தால் யார் தேடிக் கண்டுபிடிப்பார்கள்? கல்லாவில் நின்றுகொண்டு ஜனங்கள் என்ன கேட்கிறார்களோ அதுவே தலைப்பு. எங்களிடம் அதிகம் ஓடிய எபிசோடுகளில் ஒன்றின் பெயர் "செக்கெண்ணெய் ஏன் இவ்வளவு விலை?" ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் செக்கில் ஏறத்தாழ இரண்டரை கிலோ பருப்பு போகிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். அதன் பிறகு கடையில் பேரம் பேசுவது குறைந்தது. "நல்லெண்ணெயில் கருப்பட்டி எதற்கு?" என்பது இன்னொன்று. எள்ளை ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம், வாங்குகிறவர்களுக்கு அது ஆச்சரியம்.

ஒரு மணி நேரம்

எபிசோட் அவ்வளவு நீளம் போகலாமா? விஷயம் இருந்தால் சரி. விருந்தினர் நல்ல மனிதர் என்பது விஷயம் ஆகாது.

"குணமாகும்"

உணவுப் பொருள் விற்கிறவர்களுக்கு மட்டும் இது. பேச்சு சூடு பிடித்ததும் வாய் தானாக அங்கே போகும். நல்லெண்ணெய் கொப்பளித்தால் அந்த நோய் போகும், தேங்காய் எண்ணெய் குடித்தால் சர்க்கரை இறங்கும். கடையில் வாய்வார்த்தையாகச் சொன்னால் காற்றோடு போய்விடும், பதிவு செய்தால் அது விளம்பரம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 53ஆவது பிரிவின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போகலாம். விருந்தினராக வந்த வைத்தியர் சொன்னார் என்று தப்பிக்கவும் முடியாது, வெளியிட்டது நீங்கள். எங்கள் எபிசோடுகளில் மூன்று இடத்தில் நானே பேசியதை வெட்டியிருக்கிறேன். ஒரு இடத்தில் என் மாமியார் பேசியதை வெட்டினேன், அதற்கு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

எண்ணிக்கை

ஹோஸ்டிங் பக்கம் காட்டும் டவுன்லோடு எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். பின்தொடர்பவரின் போன் தானாக இறக்கி வைத்துக்கொள்வதும் அதில் சேரும், அவர் கேட்டாரா என்பது வேறு கதை. இந்தப் பக்கம், வாட்ஸ்அப் குழுக்களில் கைமாறிப் போகும் ஆடியோ எந்தக் கணக்கிலும் வராது. எங்கள் கல்லாவில் ஒரு நோட்டு இருக்கிறது. புதிதாக வருகிறவரிடம் பில் போடும் பையன் "எங்க கேள்விப்பட்டீங்க?" என்று கேட்டு எழுதுவான். கூட்ட நேரத்தில் எழுத மாட்டான், திட்டுவேன், மறுநாள் எழுதுவான்.

தம்பி நேற்று கூப்பிட்டார். "இருநூத்திப் பன்னெண்டு டவுன்லோடு காட்டுதுங்க்கா."

"ஜமக்காளம் எத்தனை போச்சு?"

"நாலு. ஆனா கேட்டுட்டு வந்தாங்களா, சும்மா வந்தாங்களான்னு தெரியலீங்க்கா."

நோட்டுப் போடச் சொன்னேன். ஃபீடில் மெயிலை மாற்றிக் கொடுத்துவிட்டார்களாம், ஹோஸ்டிங் கணக்கும் இப்போது இவர் பெயரில். மூலப் பதிவுகளையும் வாங்கிவிட்டார். முதல் எபிசோடு மட்டும் ஸ்டுடியோவில் அழிந்துபோயிருக்கிறது. "அதை என்னங்க்கா பண்றது?" என்றார். மறுபடி பேசு, இந்தத் தடவை ஜமக்காள அறையில் உட்கார்ந்து பேசு என்றேன்.