பழைய எம்35 ராணுவ லாரி: பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ராணுவத்தின் எம்35 சரக்கு லாரிக்கு 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' (இரண்டும் அரையும்) என்று செல்லப்பெயர். சாலையில்லாத கரடுமுரடான தரையிலும் இரண்டரை டன் ஏற்றலாம் என்பதால் வந்த பெயர் அது. 1950-களில் சேவைக்கு வந்த இந்த வண்டிகளை ராணுவம் பின்னாளில் ஏலத்தில் விட்டது. அமெரிக்காவில் பலர் அவற்றை வாங்கி, பழுதுபார்த்து, ஆசையாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதிகம் கிடைப்பது எம்35ஏ2 என்ற வகை.

புதிதாக வாங்குபவர்கள் பலர், 'ராணுவ வண்டி, எதையும் தாங்கும்' என்று நம்பிவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகளுக்கு இந்த நம்பிக்கைதான் வேர். அட்டவணை தவறாமல் கிரீஸ் அடித்து, ஆயில் மாற்றி, பிரேக்கைக் கழற்றிப் பார்க்க ஆட்கள் இருந்ததால்தான் இந்த லாரி அத்தனை காலம் உழைத்தது. ஏலத்தில் வண்டி மட்டும்தான் வரும். அந்த ஆட்கள் செய்த வேலை முழுவதும் இனி வாங்கியவர் பொறுப்பு.

வண்டி வீட்டுக்கு வந்ததும் இன்ஜினை ஓடவைத்து, பெயின்ட் அடிக்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அதற்கு முன்னால் பிரேக்கைப் பாருங்கள். கனரக வண்டி என்றதும் முழுக்கக் காற்றில் இயங்கும் ஏர் பிரேக் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எம்35ஏ2-வில் அப்படி இல்லை. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளும். நடுவில் இருக்கும் 'ஏர் பேக்' அந்த அழுத்தத்தைக் காற்றின் உதவியால் பெருக்கி ஆறு வீல் சிலிண்டர்களுக்கும் அனுப்பும். ஆறுக்கும் ஒரே சுற்றுதான். எங்காவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தாலோ, ஒரு வீல் சிலிண்டர் பெரிதாகக் கசிந்தாலோ ஆறு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். காலி வண்டியே ஏறக்குறைய 6 டன் எடை. அதனால் ஹோஸ்களின் வயது தெரியவில்லை என்றால் யோசிக்காமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே சரி. வீல் சிலிண்டர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். 'பெடல் கெட்டியாகத்தானே இருக்கிறது' என்ற சமாதானம் இங்கே ஆபத்து.

ஹேண்ட் பிரேக் காப்பாற்றும் என்றும் எண்ண வேண்டாம். அது டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (இன்ஜின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) பின்னால் இருக்கும் ஒற்றை டிரம். நின்ற வண்டியைப் பிடித்துவைக்க ஏற்பட்டது. அதை விடுவிக்க மறந்து கொஞ்ச தூரம் ஓட்டினாலே டிரம் கொதித்துப் புகையும்.

பிரேக் ஆயிலிலும் ஒரு குழப்பம் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ராணுவம் சாதாரண பிரேக் ஆயிலை விட்டு, டாட் 5 எனப்படும் சிலிக்கோன் ஆயிலுக்கு மாறியது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. உள்ளே இருப்பது எது என்று பார்க்காமல் கடையில் கிடைத்ததை ஊற்றி நிரப்புவது அடிக்கடி நடக்கிற தவறு. டாட் 5.1 என்று இன்னொன்றும் விற்கிறார்கள். பெயரைப் பார்த்தால் டாட் 5-இன் புது வடிவம் போலத் தோன்றும். உண்மையில் அது சாதாரண ஆயில் வகையைச் சேர்ந்தது. சிலிக்கோன் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது என்பது நல்ல விஷயம்தான். ஆனால் உள்ளே நுழைந்த தண்ணீர் அதில் கரையாமல், தாழ்ந்த இடமான வீல் சிலிண்டரில் போய்த் தேங்கி அரிக்கும். அதனால் அதையும் அவ்வப்போது வடித்து மாற்ற வேண்டும். ஏர் பேக்குக்குக் காற்று தரும் தொட்டிகளின் அடியில் உள்ள வடிகுழாய்களை ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் திறந்துவிடுங்கள். காற்று போதிய அளவு ஏறி எச்சரிக்கை பஸ்ஸர் நிற்கும்வரை வண்டியை நகர்த்த வேண்டாம்.

அடுத்து சக்கரம். நம்மூர் லாரி டயர் கடைகளில் லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்துவைக்கும் இரும்பு வளையம்) வைத்த ரிம்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எம்35-இன் 9.00-20 டயரும் அப்படிப்பட்ட ரிம்மில்தான் உட்காருகிறது. ரிங் சரியாக உட்காராமல் காற்று அடித்தால் அது தெறிக்கும். அந்த வேகத்துக்கு எதிரில் நிற்பவர் பிழைப்பது அரிது. சக்கரத்தில் கைவைக்கும் முன்பே வால்வு ஊசியைக் கழற்றி முழுக் காற்றையும் இறக்குங்கள். ரிம்மிலோ ரிங்கிலோ துரு, விரிசல், வளைவு இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், தட்டி நிமிர்த்த வேண்டாம். ஒரு ரிம்மின் ரிங்கை இன்னொன்றுக்கு மாட்டவும் கூடாது. காற்று அடிப்பது இரும்புக் கூண்டுக்குள், நீளமான ஹோஸில், ஓரமாக நின்றபடி. காற்று ஏறும்போது ரிங்கைச் சுத்தியலால் தட்டவே கூடாது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதியில் இன்னொன்றும் உண்டு: சொல்லப்பட்ட அழுத்தத்தில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ இறங்கிய நிலையில் ஓடிய டயருக்கு அப்படியே மேல்காற்று அடிக்கக் கூடாது, கழற்றிப் பார்த்த பிறகே அடிக்க வேண்டும். வீட்டில் வேலை செய்பவரை எந்த அதிகாரியும் வந்து கேட்கப்போவதில்லை, ஆனாலும் இந்த விதியை அப்படியே பின்பற்றுங்கள். இந்த வேலையைத் தனியாகச் செய்ய வேண்டாம். முடிந்தால் கூண்டு உள்ள லாரி டயர் கடைக்கே கொண்டுபோங்கள்.

இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர்த்திசை மரை கொண்டவை. தெரியாமல் இம்பாக்ட் கன் வைத்துச் சுற்றினால் போல்ட் முறியும்.

இன்ஜினுக்கு வருவோம். ஏ2-வில் இருப்பது 7.8 லிட்டர் 'மல்டிஃபியூயல்' இன்ஜின். டீசல் தவிர வேறு எரிபொருள்களிலும் ஓடும்படி வடிவமைத்தார்கள். எது கிடைத்தாலும் படை நகர வேண்டும் என்ற அவசரத்துக்கான வசதி அது. இதைப் படித்துவிட்டு, பழைய இன்ஜின் ஆயிலையும் கண்ட கழிவையும் வடிகட்டாமல் டேங்கில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபில்டர் அடைக்கும், இன்ஜெக்ஷன் பம்ப்பில் பிசின் படியும். வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பம்ப்புக்கு வழுவழுப்பு போதாது. நல்ல டீசல் கிடைக்கும் ஊரில் டீசல் போடுங்கள்.

நெடுநாள் நின்ற இன்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது பம்ப் உள்ளே சிக்கியிருந்தால், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வேகம் ஏறிக்கொண்டே போகும். நிறுத்தும் கேபிளை இழுத்தாலும் கேட்காது. காற்று உள்ளே போகும் வாயை மூட ஒரு தட்டையான பலகையைத் தயாராக வைத்திருங்கள். கையோ துணியோ உதவாது, உள்ளே இழுத்துவிடும். இந்த இன்ஜினுக்கு நிமிடத்துக்கு 2,600 சுற்று என்பது எல்லை. இறக்கத்தில் சின்ன கியரில் விட்டு அதைத் தாண்டவைத்தால் கனெக்டிங் ராடு முறிந்து வெளியே வரலாம். இழுவை போதவில்லை என்று பம்ப்பில் எரிபொருளைக் கூட்டுகிறவர்கள், புகைபோக்கியின் வெப்பத்தைக் காட்டும் மீட்டரை முதலில் பொருத்த வேண்டும்.

ஆயில் ஃபில்டர் மாற்றுவது சின்ன வேலைபோலத் தோன்றும். இரண்டு ஃபில்டர் கிண்ணங்களிலும் பழைய கேஸ்கெட் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்க, புதியதை அதன்மேல் வைத்து முடுக்கிவிடுவது உண்டு. கொஞ்ச நேரத்தில் கேஸ்கெட் பிதுங்கி ஆயில் முழுவதும் கொட்டிவிடும். மாற்றியதும் ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் கீழே ஃபில்டரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

மின்சாரம் 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையில். ரேடியோவுக்கும் போன் சார்ஜருக்கும் ஒரு பேட்டரியில் மட்டும் ஒயர் இழுத்தால் ஒன்று காய்ந்துபோகும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும். 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிப் பொருத்துங்கள், விலை அதிகமில்லை.

இத்தனைக்கும் ராணுவமே கையேடு எழுதிவைத்திருக்கிறது. ஓட்டுநருக்கு டிஎம் 9-2320-361-10, பட்டறைக்கு அதே எண்ணில் 20 என்று முடிவது. எங்கெங்கே, எத்தனை மைலுக்கு ஒருமுறை, எந்த கிரீஸ் என்பதற்குத் தனியாக மசகு அட்டவணையும் உண்டு. வாங்கியது எந்த வகை என்று டேஷ்போர்டில் உள்ள தகட்டில் பார்த்து, அதற்குரிய கையேட்டை அச்செடுத்து வண்டியிலேயே வையுங்கள். முதல் நாள் வேலையை அந்த அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். பெயின்ட் டப்பாவை அப்புறம் திறக்கலாம்.